விருந்தாளிக்கு ஊதா நிறம்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே அதன் வரலாற்றையும் எழுதி முடித்துவிட வேண்டும் என்று வாஷிங்டனில் யாரோ ஒரு புண்ணியவானுக்குத் தோன்றிவிட்டது. அதனால் விமானப்படையின் ஒவ்வொரு பிரிவும், எதிரி தலையில் குண்டு போடுகிற பிரிவானாலும் சரி, உருளைக்கிழங்கு உரிக்கிற பிரிவானாலும் சரி, மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் தன் வரலாற்றை நாலு படி எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். டெக்சஸின் தென்கோடியில், ஹாலோரன் தளத்தில் இருந்த இலக்கு இழுக்கும் பிரிவுக்கு அந்த வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தவள் சார்ஜென்ட் ஆர்டித் சாவர். பெண்கள் படையில் சேருமுன் நெப்ராஸ்காவில் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். பொய் சொல்கிற பிள்ளையின் காதைத் திருகாமல் விட்டதில்லை என்று அவளே பெருமையாகச் சொல்வாள்.

அந்தப் பிரிவு சண்டைக்கே போனதில்லை. குண்டுவீச்சு விமானங்களில் துப்பாக்கி பிடிக்கப் போகிறவர்கள் சுட்டுப் பழக வேண்டுமே, அதற்காக நீளமான துணிக்குழாய் ஒன்றை எஃகுக் கயிற்றில் கட்டி வானத்தில் இழுத்துக்கொண்டு போவதுதான் அவர்கள் வேலை. துணியைச் சுடச் சொன்னால் இழுக்கிறவனைச் சுட்டுவைக்கிற ஆட்களும் உண்டு. அதனால் முன்னால் ஓட்டுகிறவனும் பின்னால் கயிறு விடுகிறவனும் மேலே போய்விட்டுக் கீழே இறங்கும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பதக்கம் கிடையாது, பத்திரிகையில் பெயர் கிடையாது. ஊருக்கு எழுதினால் அப்பன் ஆத்தாளுக்கே அது என்ன வேலை என்று புரியாது.

ஒரு விமானத்திலிருந்து ஐந்து பேர் சுடுவார்கள். எந்த ஓட்டை யார் போட்டது என்று தெரிவதற்காக ஒவ்வொருவனுடைய குண்டு நுனியையும் ஒவ்வொரு வண்ணத்தில் தோய்த்திருப்பார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், கறுப்பு. துணியில் குண்டு துளைத்துப் போகும்போது துளையைச் சுற்றி அந்த நிறம் ஒட்டிக்கொள்ளும். சுட்டு முடிந்ததும் இழுவை விமானம் திரும்பி வந்து, ஓடுதளத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அப்புறம்தான் தரையிறங்கும். துணியைக் கொட்டகைக்கு எடுத்துப்போய் நிறம் நிறமாக எண்ணி எழுதுவது ஆர்டித்தின் இன்னொரு வேலை.

ஆறாவதாக ஒரு நிறம் இருந்தது. ஊதா. அது விருந்தாளிகளுக்கு.

இது மேஜர் தர்லோ பிண்ட்லரின் ஏற்பாடு. பிரிவின் தலைவர் அவர். ஊர்ப் பெரிய மனிதர்களை அழைத்துவந்து, விமானத்தில் ஏற்றி, துப்பாக்கியைக் கையில் கொடுத்து, நாலு சுற்றுச் சுடவைத்து, இறங்கியதும் மாட்டிறைச்சி விருந்து போட்டு, அவர்கள் துளைத்த துணியை ஒரு சதுரமாக வெட்டிக் கையில் கொடுத்து அனுப்புவார். ஊர் மேயரின் வீட்டுக் கூடத்தில் அப்படி ஒரு துணி கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கியது. முதன்முதலில் வந்த நீதிபதி ஒருவர் ஒரு குண்டுகூடத் துணியில் படாமல் சுட்டுவிட்டு, விருந்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜர் கொட்டகைக்கு ஓடிவந்தார்.

"ஏம்மா ஆர்டித், நல்லாப் பாத்தியா? ஊதாவே இல்லையா?"

"இல்ல சார். ஒண்ணுகூட இல்ல."

"இன்னொரு தரம் பாரேன். வெளிச்சம் போதலையோ என்னவோ."

பட்டப்பகல். டெக்சஸ் வெயில். ஆர்டித் மறுபடி பார்த்தாள். மேஜர் மேஜைமேல் இருந்த பென்சிலை எடுத்து, ஊதா வண்ணக் குப்பியில் தோய்த்து, அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக வானத்தை வேடிக்கை பார்த்தார். அவளுக்கு விளங்கியது. குத்தினாள். முதல் தடவை கை கூசியது. ஐந்தாவது தடவை சிரிப்பு வந்தது. பத்தாவது தடவை ஒன்றுமே வரவில்லை. வரவில்லை என்பதுதான் அசிங்கம்.

இது தளத்தில் எல்லோருக்கும் தெரியும். கயிறு விடுகிற எமெட் ஸ்ட்ரூபி, மிசௌரியில் பால்மாடு வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், விருந்தாளி நாட்களில் கொட்டகைக்குள் தலையை நீட்டி, "என்ன சார்ஜென்ட், உங்க பென்சில் இன்னிக்கு எத்தனை ஜப்பான்காரனைச் சுட்டுச்சு?" என்று கேட்பான்.

"போடா, உனக்குப் பொறாமை."

"பின்ன? ஏழாயிரம் அடி மேல நான் துணிய இழுத்துக்கிட்டு அலையுறேன், நீங்க நாற்காலியில உக்காந்து சுட்டுத் தள்ளுறீங்க."

அவளும் சிரிப்பாள். சிரித்தாளே, அதை நினைத்தால் பின்னாளில் அவளுக்குத் தன் பல்லையே தட்டிப்போட வேண்டும்போல் இருந்தது.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி வந்த விருந்தாளி ராயல் டன்னிகன். ஊரில் ஐஸ் தொழிற்சாலையும் பஞ்சு ஆலைகளும் அவருடையவை. தளத்து அதிகாரிகள் குடிக்கிற குளிர்ந்த பானம் ஒவ்வொன்றிலும் அவருடைய ஐஸ்தான் மிதந்தது. புத்தம்புது பூட்ஸ், தங்கப் பல், கூடவே ஒரு பத்திரிகைக்காரன். காலையிலேயே வாயில் விஸ்கி வாடை. துப்பாக்கியை அவருக்குப் பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுக்க சார்ஜென்ட் லோமனை ஏற்றி அனுப்பினார் மேஜர்.

பதினொரு மணிக்கு இழுவை விமானம் திரும்பிவந்து துணியைக் கழற்றிப் போட்டது. எப்போதும் போடுகிற இடத்தில், ஓர் அடி பிசகாமல். ஆர்டித் துணியை விரித்துப் பார்த்தாள். சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது. ஊதா ஒன்றுகூட இல்லை. அவள் இதை எதிர்பார்த்தே இருந்தாள். பென்சிலைத் தோய்த்தாள். ஏழு. மேயருக்கு ஐந்து போட்டிருந்ததால், ஐஸ்காரருக்கு இரண்டு கூட.

வெளியே இரண்டு விமானங்களும் தளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. விருந்தாளி இருக்கும் விமானம் முதலில் இறங்க வேண்டும் என்பது மேஜரின் நிரந்தர உத்தரவு. அவர்கள் இறங்கி, கைகுலுக்கி, படம் பிடித்து, ஓடுதளத்தை விட்டு நகரும்வரை இழுவை விமானம் மேலே வட்டமடித்தது. டன்னிகன் நேராகக் கொட்டகைக்கு வந்து, ஆர்டித் வெட்டி வைத்திருந்த துணியைக் கையில் வாங்கி, ஏழு ஓட்டைகளுக்குள்ளும் மாறி மாறி விரலை விட்டுப் பார்த்தார்.

"பாத்தியா மேஜர்! ஏழு! நான் சின்ன வயசுல புறா சுடுவேன். கை மறக்கல பாரு."

பத்திரிகைக்காரன் அதையும் படம் பிடித்துக்கொண்டான். விருந்தாளி இறங்கிப் பதினான்கு நிமிடம் கழித்து இழுவை விமானம் இறங்கியது. ஓட்டி வந்த லெஃப்டினன்ட் இயந்திரத்தை நிறுத்தாமலேயே குதித்து, ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று கத்தினார்.

எமெட் தொடையில் குண்டு வாங்கியிருந்தான். ஆலங்கட்டி விழுந்த மாதிரி வாலில் படபடவென்று சத்தம் கேட்டது என்றும், என்னவென்று கேட்டதற்கு எமெட் "சின்னக் காயம்தான் சார், நீங்க ஓட்டுங்க, நான் துணியப் போட்டுடறேன்" என்றான் என்றும் லெஃப்டினன்ட் சொன்னார். தன் இடுப்புப் பட்டையால் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடம் பார்த்து, கயிற்றைச் சரியான நொடியில் விட்டிருக்கிறான். அதற்கப்புறம் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை, ஓடுதளம் காலியாகும்வரை இறங்கவும் வழியில்லை. பதினான்கு நிமிடம் முன்னால் இறங்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் வாய்விட்டே சொன்னார். மறுநாள் அதையும் அவர் சொல்லவில்லை.

ஆர்டித் விமானத்தின் வாலருகே போனாள். தகரத்தில் நாலு ஓட்டைகள். நாலையும் சுற்றி ஊதா. ஓர் ஓட்டையின் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தாள். துணியில் ஏன் ஊதாவே இல்லை என்பது அப்போது புரிந்தது. எல்லாக் குண்டுகளும் இங்கேதான் வந்திருந்தன. ஊதா படாத அந்த வெறும் துணியே சாட்சியாக இருந்திருக்கும். அந்தச் சாட்சியைத் தன் கையால் ஏழு குத்துக் குத்தி, அந்த ஆளின் கையிலேயே கொடுத்தனுப்பியிருந்தாள்.

மாலைக்குள் வாலின் தகரத்தை மாற்றி அடித்துவிட்டார்கள். அவ்வளவு சுறுசுறுப்பாக அந்தத் தளத்தில் எந்த வேலையும் அதுவரை நடந்ததில்லை. ஆர்டித் மேஜரின் அறைக்குப் போனாள்.

"சார், அது டன்னிகன் சுட்டது. ஊதா. நான் பாத்தேன்."

மேஜர் கறி நறுக்குகிற கத்தியால் நகத்து அழுக்கை எடுத்துக்கொண்டிருந்தார். விருந்து நின்றுபோகவில்லை, பாதியில் எழுந்து வந்திருந்தார். மோவாயில் எண்ணெய் மினுங்கியது.

"சிவப்பும் நீலமும் கலந்தா எப்படித் தெரியும்?"

"கலக்கல சார். எனக்கு ஊதா தெரியாதா?"

"தெரியும்மா, உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? அந்த ஊதாவ மாசக்கணக்கா நீதான உண்டாக்குற." அவர் குரலை உயர்த்தவே இல்லை, அன்பாகத்தான் சொன்னார். "பாவம், பையன் அவசரப்பட்டு முன்கூட்டியே கயிறச் சுருட்டியிருக்கான். துணி விமானத்துக்குக் கிட்ட வந்துடுச்சு. பழகுற பசங்க சுட்டது பட்டிருக்கு. நடக்கிறதுதான். போய்ப் படு, போ."

லோமனைத் தேடிப் போனாள். அவன் படுக்கையில் குப்புறக் கிடந்தான்.

"நீ பக்கத்துலதான நின்ன? அந்த ஆளு துப்பாக்கிய எங்க திருப்பினான்னு நீ பாக்கல?"

"குண்டுப் பட்டை சிக்கிக்கிச்சு. குனிஞ்சிருந்தேன்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"எனக்கு ரெண்டு குழந்தைங்க ஆர்டித். வாயத் தொறந்தா அடுத்த வாரம் என்னைக் கப்பல்ல ஏத்திச் சண்டைக்கு அனுப்பிடுவாங்க. உனக்கென்ன, பொம்பள, நீ பேசுவ."

விசாரணைக்கு வேறு தளத்திலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். நல்லவர்கள்தான், அதுதான் இன்னும் கேவலம். தலைவராக இருந்த கர்னல் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். அவள் வால் ஓட்டைகளைப் பற்றிச் சொன்னாள். கர்னல் ஒரு பத்திரிகையை அவள் பக்கம் திருப்பினார். முதல் பக்கத்தில் டன்னிகன் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு தங்கப் பல் தெரியச் சிரித்தார். ஏழு ஓட்டைகளும் தெளிவாகத் தெரிந்தன.

"முதல் தடவையா சுடுறவர், ஏழு குண்டு துணியில போட்டிருக்கார். நம்ம பசங்களே அவ்வளவு போடறதில்ல. இவரு விமானத்தச் சுட்டார்ங்கிறியே, எப்படிம்மா?"

வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். ஆர்டித் சொன்னாள்.

"அது நான் போட்டது சார். பென்சில்ல."

மேஜர் பிண்ட்லர் இப்படி ஒரு கூத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறவர்போலத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

"இப்படி எத்தனை தடவை?" என்றார் கர்னல்.

"பதினெட்டு விருந்தாளி சார்."

"யாரு செய்யச் சொன்னது?"

"வாயால யாரும் சொல்லல."

"அப்ப நீயாவே செஞ்ச." கர்னல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினெட்டு தடவை இல்லாத ஊதாவ இருக்குன்னு காட்டியிருக்க. பத்தொன்பதாவது தடவையா, இப்ப இல்லாத ஒரு தகரத்துல ஊதா இருந்துச்சுன்னு சொல்ற. நான் உன்ன நம்பணும்னு உனக்கே தோணுதா?"

அவள் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் சொல்லியிருந்தால் அவளும் இதையேதான் கேட்டிருப்பாள். கயிறு இயக்கியவரின் கவனக்குறைவு என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். டன்னிகனை அவர்கள் கூப்பிடவே இல்லை. மதிய உணவுக்கு அவருடைய ஐஸ் வந்தது.

ஆகஸ்ட் மாத வரலாற்றை ஆர்டித் மூன்று பக்கத்துக்குத் தட்டினாள். ஊதா நிறம் எதற்கு, பென்சில் யாருடையது, பதினான்கு நிமிடம் எப்படிப் போனது, எல்லாவற்றையும் பெயர் போட்டு எழுதினாள். மேஜர் நின்றபடியே படித்தார். கோபித்துக்கொள்ளக்கூட இல்லை.

"எழுத்து நல்லா வருது உனக்கு," என்று சொல்லி நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து அவளுக்குப் போர்வைக் கிடங்கில் வேலை. வேறு ஒருவன் தட்டிய வரலாறு மேலே போனது. அதில், பிரிவின் பணி வழக்கம்போல் சிறப்பாக நடந்தது என்றும், கயிறு இயக்குபவர் ஒருவரின் அவசரத்தால் விமானமொன்று சேதமடைந்தது என்றும், ஊர்மக்களுடன் நல்லுறவு மேலும் வளர்ந்தது என்றும் இருந்தது. இன்றைக்கும் ஏதோ ஒரு பெட்டியில் அதுதான் வரலாறு என்று கிடக்கும். தூ.

செப்டம்பர் முதல் வாரத்தில் எமெட்டின் அப்பா வந்தார். ஆரின் ஸ்ட்ரூபி என்று பெயர். இரண்டு நாள் பேருந்தில் வந்திருந்தார், கல்யாணத்துக்குப் போடுகிற கறுப்புக் கோட்டில், கையில் துணி சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தோடு. ஆர்டித் போர்வைகளை இறக்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து மேஜரின் அறை வாசல் தெரிந்தது. ஜன்னல் திறந்திருந்தது.

"கடுதாசி வந்துச்சுங்க," என்று கிழவர் சொல்வது கேட்டது. "பையன் பண்ணின தப்பால உங்க விமானம் கெட்டுப்போச்சுன்னு. நேர்ல வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போகணும்னு தோணுச்சு. எங்க குடும்பத்துல இப்படி யாரும் பொறுப்பில்லாம இருந்ததில்லைங்க. இது வீட்டுல செஞ்ச பாலாடைக்கட்டி."

"அட, எதுக்குங்க இதெல்லாம்," என்றார் மேஜர். "வயசுப் பையன். நாங்க யாரும் மனசுல ஒண்ணும் வச்சுக்கல. மன்னிச்சாச்சு."

மன்னிச்சாச்சு! வாங்கியும் வைத்துக்கொண்டார். பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, நல்ல மணம் என்றுவேறு சொன்னார். மனிதனாகப் பிறந்தவன் அந்தக் கட்டியை எப்படித் தொடுவான் என்று ஆர்டித்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போர்வைகளை அப்படியே மண்ணில் போட்டுவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்த கிழவரின் பின்னால் ஓடினாள்.

"ஐயா, நில்லுங்க. நான் எமெட்டோட வேலை பாத்தவ."

அவர் தொப்பியைக் கழற்றினார். அவள் சொன்னாள். மூச்சு விடாமல், ஒன்றையும் மறைக்காமல், தன் பென்சிலில் தொடங்கி மேஜரின் மோவாய் எண்ணெய் வரைக்கும். எமெட் காலைக் கட்டிக்கொண்டு துணியை இடம் பார்த்துப் போட்டதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். கிழவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அப்ப அவன் கயிறச் சுருட்டல?"

"இல்லைங்க. அவன் எதையும் தப்பாச் செய்யல."

"அவன் அம்மா அழுதா," என்றார் கிழவர். "பொறுப்பில்லாத பயலுக்கு எதுக்குடி அழுறேன்னு அதட்டினேன். மூணு வாரமா வீட்டுல அவன் பேரு எடுக்க விடல. கல்லுல என்ன எழுதணும்னு கேட்டாங்க. பேரு மட்டும் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்னுட்டேன். வெக்கமா இருந்துச்சு எனக்கு."

ஆர்டித் அழுதாள். அவர் அழவில்லை.

"இதையெல்லாம் எழுதிக் குடு. உன் பேரப் போட்டு."

"எழுதித் தர்றேன்யா. ஆனா யாரும் நம்ப மாட்டாங்க. நான் விசாரணையிலயே சொன்னேன்."

"ஊரு நம்ப வேண்டாம். அவன் அம்மா படிக்கணும்."

நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்து, கிடங்குக் காகிதத்தின் பின்புறத்தில் எழுதினாள். அவர் பக்கத்தில் நின்றபடி ஒவ்வொரு வரியாக உதடு அசையப் படித்தார். ஏழு ஓட்டை என்ற இடத்தில் விரலை வைத்து, மறுபடி படித்தார். பிறகு காகிதத்தை மடித்துக் கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டார். பேருந்து வந்து நின்றது.

"என்னை மன்னிச்சிடுங்கய்யா," என்று ஆர்டித் கையை நீட்டினாள்.

கிழவர் அந்தக் கையைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. மாட்டுக் கொட்டகையில் காலில் எதையோ மிதித்துவிட்டவர் பார்க்கிற பார்வை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஏறி, மறுபக்கத்து ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.